தேர்தலன்றும் ஷிப்ட் உண்டு

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. அமெரிக்க நாடே அதிபரைத் தேர்ந்தெடுத்த அன்றும், அலபாமாவின் தலைநகரான மாண்ட்காமரியில் நான் பணிபுரியும் கார் தொழிற்சாலை வழக்கம்போல் இயங்கியது. தேர்தலுக்கு விடுமுறை இல்லையா என்று நான் வியந்தபோது, அதே மாநிலத்தின் செல்மா நகரில் பிறந்து அறுபதைக் கடந்த கறுப்பினச் சக ஊழியர் ஒருவர், முன்கூட்டியே வாக்களிக்கும் வசதிகூட இம்மாநிலத்தில் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று வாக்களித்திருந்த அவரது சட்டையில், அதற்குச் சான்றாக ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. நம் விரல் மையின் மிடுக்கு அதற்கு ஏது!

உணவு இடைவேளையில் அவர் தம் தாயாரைப் பற்றிச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. அக்காலத்தில் செல்மாவில் வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகளே திறந்திருக்கும். போனால் அரசமைப்புச் சட்டத்திலிருந்து கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே பதிவு பெற்ற ஒருவர் சாட்சி சொல்லவும் வேண்டும். பள்ளி ஆசிரியையான அத்தாயார் அந்தத் தேர்வில் தேறவில்லையாம். அம்மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் நூற்றுக்கு இருவரே பட்டியலில் இருந்தனர். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டுச் சென்ற ஊர்வலத்தினர் தடியடி பட்ட பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவில் எங்கள் ஊரிலோ பட்டியலைச் சரிபார்க்க வீடு தேடி வந்தவரே எங்கள் கணக்கு டீச்சர்தான். வாக்குச்சாவடியில் மை வைத்தவரும் அவரே. ஆசிரியையையே பட்டியலுக்கு வெளியே நிறுத்திய ஊரை இன்னும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

அந்தச் சட்டத்தின் பல்லும் 2013 இல் பிடுங்கப்பட்டது. ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தேர்தல் விதிகளை மாற்ற அலபாமா மத்திய அரசின் முன் அனுமதியைப் பெற வேண்டியதில்லை. மறு ஆண்டே புகைப்பட அடையாள அட்டை கட்டாயமானது. ஆயினும் 2023 இல் உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவரின் வாக்கு வலிமையைக் குறைக்கும் மாநிலத்தின் தொகுதி வரைபடத்தை ஏற்க மறுத்ததால், மாண்ட்காமரியை உள்ளடக்கிய தொகுதி மாற்றி வரையப்பட்டது. இந்தத் தேர்தலில் அங்கே கறுப்பின வேட்பாளரான ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார். மறுநாள் அந்தச் சக ஊழியரான அம்மையார் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு கொண்டுவந்து எங்கள் பிரிவு முழுவதற்கும் பங்கிட்டார்.

எனக்கு வழிவிட்ட குடியேற்றச் சட்டமும் அதே 1965 இல் பிறந்ததே. கொலார்ட் கீரையில் பொரியல் செய்யும் அளவுக்கு இவ்வூர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்; ஆனால் இங்கு எனக்கு வாக்கில்லை, அங்கு வாக்களிக்க நேரில் போக வேண்டும். ஏப்ரலில் வீட்டில் எல்லோரும் மை விரலைக் காட்டிப் படம் அனுப்பியபோது, என் பூத் சிலிப்பையும் டீச்சர் கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொன்னார்.