கோட்டாறிலிருந்து வடக்கன்குளம் வரை

அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. தம்பிக்கு உடம்பு தேறினால், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித தேவசகாயத்தின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் ஒரு பூசை காண்பதாக வேண்டியிருந்தாள். தம்பி தேறிவிட்டான். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அம்மாவும் நானும் கிளம்பினோம்.

வழக்கமாக நட்டாலத்தில், அவர் பிறந்த இடத்தில் தொடங்கிக் கோட்டாறில் முடிப்பார்கள். நாங்கள் கோட்டாறு சவேரியார் கோவிலில் தொடங்கினோம். 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டவரின் உடலை விசுவாசிகள் எடுத்து வந்து இங்கேதான் அடக்கம் செய்தார்கள். காலையில் கூட்டம் இல்லை. அம்மா திரியை ஏற்றிவிட்டுக் கல்லறைமேல் கை வைத்து வெகுநேரம் நின்றாள். நான் அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்றுக்குக் கேட்கவா வேண்டும், அதுவும் ஆடியில்? மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றாடிமலையில் ஏறும்போது அம்மாவின் சேலைத் தலைப்பை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணியில் இருந்தவர் தேவசகாயம். மார்த்தாண்ட வர்மாவின் காலம். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்க, பிடிபட்ட அவர்களுடைய அதிகாரி டிலனாய் பிறகு அதே அரசரின் படைத்தளபதி ஆனார். வீட்டில் மாடுகள் செத்து, பயிர் கெட்டு நீலகண்டன் நொந்துபோயிருந்த நேரத்தில் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத ஒருவரின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்தவர் ஆனார். 1749-ல் கைது. மூன்று வருடம் அடியும் சிறையும். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்பக்கமாகப் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் வைத்துச் சுட்டார்கள்.

மேலே மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவர் சுடப்பட்டபோது உடைந்து மணிபோல் ஒலித்தது என்பார்கள். அம்மா ஒரு சிறு கல்லை எடுத்துத் தட்டினாள். நிஜமாகவே மணிச்சத்தம்தான். இரண்டாம் முறை தட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

மலையிறங்கி, காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் வந்தோம். இன்று இது திருநெல்வேலி மாவட்டம், தூத்துக்குடி மறைமாவட்டம். அன்றைக்குத் திருவிதாங்கூரின் எல்லைக்கு வெளியே பாண்டி நாடு, சேசு சபையாரின் மதுரை மிஷன். 1685 அளவிலேயே இங்கே ஒரு சிற்றாலயம் எழுந்துவிட்டது. திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் கொடுத்தால் அரண்மனையின் கோபத்துக்கு ஆளாக வேண்டும். அதனால்தான் டிலனாய் கடிதம் கொடுத்து அவரைக் கணவாய் தாண்டி இந்த ஊருக்கு அனுப்பினார். பரஞ்சோதிநாதர் என்று நம் மக்கள் அழைத்த இத்தாலிய குரு புத்தாரி, 1745 மே 14 அன்று அவருக்குத் தண்ணீர் ஊற்றி லாசர் என்று பெயரிட்டார். அதன் தமிழ்தான் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் போன பிறகு அந்த அம்மாள் இந்த ஊரிலேயே வாழ்ந்து, 1766-ல் இங்கேயே கண்மூடினார். வேதசாட்சியைப் பற்றிப் பேசுகிறோம். சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் பதினான்கு வருடம் இங்கே தனியாக இருந்த ஞானப்பூவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

தேவசகாயம் ஞானஸ்நானத்துக்குப் பின் எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர்மேல் உயர்சாதியார் கொண்ட ஆத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அவருக்குத் தண்ணீர் ஊற்றிய இதே பங்கில், 127 வருடம் கழித்து, 1872-ல் கட்டி முடித்த பெரிய கோவிலை இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரே பீடம், அதை நோக்கி வரும் இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், மற்றதில் நாடாரும் பிறரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். கால்சட்டைபோல் இருந்ததால் கால்சட்டைக் கோவில் என்றே பெயர் வந்தது. குருக்களும் இதற்கு இசைந்துதான் கட்டினார்கள். அதை மறைத்துவிட்டு இந்தப் பங்கின் பெருமையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1910-ல் கௌசானல் சாமியார் இரண்டு கூடங்களையும் பிரித்த சுவரை இடித்தார். ஊர் கொந்தளித்தது. தங்களுக்குத் தனி இடத்துக்கு உரிமை உண்டு என்று வேளாளர் தரப்பார், பார்த் என்ற ஆயர் மீது வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கோவிலுக்குள் சாதியின் பேரால் தனியுரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். சுவரை இடிப்பது ஒருநாள் வேலை. இடித்த பிறகு அந்த ஊரில் இருந்து எல்லா ஏச்சையும் தாங்குவதுதான் பெரிய காரியம். கௌசானலின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன்பும் இந்தச் சாதிப் பிரிவினையின் ஒரு மிச்சம் இருந்தது. ரோமையின் முந்தைய ஆவணங்களில் 'பிள்ளை' என்று சாதிப்பெயரும் சேர்ந்திருந்தது. வேண்டாம் என்று முறையீடு போக, அதை நீக்கினார்கள். வெறும் தேவசகாயமாகத்தான் அவர் பீடமேறினார்.

மாலைப் பூசைக்கு நாங்கள் பீடத்துக்குப் பக்கமாக, இரண்டு கூடமும் வந்து கூடும் இடத்தில் உட்கார்ந்தோம். பாட்டு தொடங்கியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வந்து சேர்ந்தது. சுவர் இருந்த கதையை நான் மெல்லச் சொல்ல, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"மக்ளே, அந்தக் காலத்துல நம்ம ஆளுக எந்தப் பக்கம் இருந்திருப்பாவ?"

எனக்குப் பதில் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"வரிசை போகுதும்மா, வா" என்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி தடியூன்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள். அம்மா அவளுடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தாள்.