குளிர் காத்த மண்

சென்ற தை மாதம் ஊட்டிப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து ஒரு பழைய எண்ணெய் டப்பா நிறைய மண் கொண்டுவந்தேன். மாப்பிள்ளையின் கேரட் வயலுக்கு மேலே, உழவு படாத புல்சரிவின் ஓரத்தில், புல்வேரை விலக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்தில் எடுத்தது. புதுச்சேரி லாஸ்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதே அளவு டப்பாவில் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணையும் நிரப்பி இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஊட்டி மண் ஈரமாக இருந்தும் செம்மண்ணைவிட வெகுவாக இலேசாக இருந்தது. பண்ருட்டியில் முந்திரித் தோப்புக்கு நடுவே பிறந்து, மண் என்றாலே கனமும் சிவப்பும் சேர்ந்தது என்று எண்ணி வளர்ந்த எனக்கு, அந்த ஒரு டப்பா பல மாதங்களுக்கு யோசிக்க வேலை கொடுத்துவிட்டது.

முதலில் விரல் சோதனை. மண்ணை நனைத்து உருட்டி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நசுக்கி, பட்டையாக நீட்டிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். மணல் அதிகமென்றால் விரலில் நெருடும். வண்டல் அதிகமென்றால் மாவுபோல வழுவழுக்கும். களி அதிகமென்றால் பட்டை அறுபடாமல் நீளும். இரண்டரை சென்டிமீட்டர் நீளுவதற்குள் பட்டை அறுந்து, நெருடலும் வழுவழுப்பும் ஒன்றை ஒன்று மிஞ்சாமல் இருந்தால் அது இருமண்பாடு, ஆங்கில வழக்கில் லோம். எண்ணிக்கையில் சொன்னால் களி 7 முதல் 27 விழுக்காடு, வண்டல் 28 முதல் 50 விழுக்காடு, மணல் 52 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஊட்டி மண்ணின் பட்டை இரண்டு சென்டிமீட்டரிலேயே அறுந்தது. ஆனால் அழுத்திய இடத்தில், அதுவரை கட்டியாக நின்ற மண் சட்டென்று இளகி, விரலெல்லாம் ஈரம் கசிந்து, எண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. நம் ஊர் இருமண்பாட்டில் நான் அதைக் கண்டதே இல்லை. இந்த மண்ணின் குணமெல்லாம் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்ற கடினமான பழம்பாறை. அது நெடுங்காலம் மழையில் இற்றுச் சிதைந்து, சிலிக்காவை இழந்து, அலுமினியமும் இரும்பும் மிஞ்சி, சிவந்த சரளைப் பாங்கான மண்ணாக மாறியிருக்கிறது. மலைச்சாலை வெட்டில் பார்த்தால் மேலே ஒரு முழம் கருமையும் அதன் கீழே மஞ்சளும் சிவப்புமான அடுக்கும் தெளிவாகத் தெரியும். மேலடுக்கின் கருமைக்கு மட்கே காரணம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 15 பாகை செல்சியஸ். புதுச்சேரியில் அது 28 பாகையை ஒட்டி நிற்கிறது. புல்லும் இலையும் இரண்டு ஊரிலும்தான் உதிர்கின்றன. இங்கே நுண்ணுயிர்கள் அவற்றைச் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடுகின்றன, அங்கே குளிரில் அவற்றின் வேலை மெதுவாகிறது. மட்காகித் தங்கிய பகுதியோடு மண்ணிலுள்ள அலுமினியம் இறுகப் பிணைந்துகொள்வதால், நுண்ணுயிரால் அதை எளிதில் சிதைக்கவும் முடிவதில்லை. இந்தப் பிணைப்புதான் களித்துகள்களைச் சேர்த்துக் கட்டி, பஞ்சுபோன்ற சின்னஞ்சிறு உருண்டைகளாக ஆக்குகிறது. உருண்டைகளுக்குள் துளைகள் மிகுதி, துளைகளுக்குள் நீர். டப்பா இலேசாக இருந்ததற்கும், விரலில் மண் இளகியதற்கும் இதுவே காரணம். களி நிறைய இருந்தும் விரலுக்கு அது களியாகப் படவில்லை.

ஆய்வுக்கூடத்திலும் இதே மயக்கம் நேரும். துகள்களைப் பிரிக்கும் மருந்து சேர்த்துக் கலக்கினாலும் இவ்வகை மண்ணின் உருண்டைகள் முழுதாகக் கலைவதில்லை. ஆகையால் களி குறைவாகவும் வண்டல் கூடுதலாகவும் கணக்கில் வந்து, தாளில் இருமண்பாடு என்று அச்சாகிவிடும். அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு இதை உணர்ந்தே, இத்தகைய மண்ணுக்குக் களி, வண்டல், மணல் என்ற அளவுக்கூற்றுப் பெயரையே விட்டுவிட்டு, நீர் பிடிக்கும் திறனை வைத்து மீடியல் என்பது போன்ற மாற்றுச் சொற்களைக் கையாளுகிறது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். மண்ணின் இயல்புக்கு முன் சொல்லை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வகைப்பாட்டின் பெயர்கள் பார்வைக்கு வாயில் நுழையாதவை. ஆனால் பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் படித்த நமக்கு அவை கடினமே அல்ல. வடஅமெரிக்க மலைகளின் உண்மையான குளிர் இருமண்பாடு ஒன்றின் பெயர் ஹேப்லோகிரையால் என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். விகுதியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் நிற்கும் 'ஆல்' என்பது மாலிசால் என்ற பெருவகுப்பைக் குறிக்கும்; மெத்தென்ற, கருத்த, சுண்ணமும் மெக்னீசியமும் வளமாக உள்ள மேலடுக்கு கொண்டது என்று பொருள். அதற்கு முன் நிற்கும் 'கிரை' கடுங்குளிரைச் சொல்லும் கிரேக்கச் சொல்லின் வேர். முதலில் நிற்கும் 'ஹேப்லோ' எளியது, வேறு சிறப்படுக்கு இல்லாதது என்று பொருள்படும். அதற்கு முன்னால் சரளை கலந்த இருமண்பாடு என்ற அடைமொழி வருமானால், கூழாங்கல்லும் பாறைத்துண்டும் கன அளவில் 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கின்றன என்று அறியலாம். ஒரே பெயரில் நிலத்தின் வரலாறு, தட்பவெப்பம், கல், மண் எல்லாம் அடங்கிவிடுகின்றன. மேலடுக்கு அதே கருமையோடு இருந்து, மண் பிடித்துவைத்திருப்பதில் சுண்ணம் முதலிய காரச்சத்துகளின் பங்கு பாதிக்கும் குறைந்து, அமிலமாகிப் புளித்திருந்தால், அது மாலிசாலுக்குரிய மாலிக் மேலடுக்கு ஆகாது, அம்பிரிக் என்ற வேறு மேலடுக்கு ஆகிவிடும். நீலகிரியின் புளித்த மேல்மண் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது.

குளிர் என்பதற்கும் அங்கே கணக்கு உண்டு. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 பாகைக்கும் கீழே இருந்தால்தான் கிரையிக் என்ற தகுதி கிட்டும். ஊட்டி அதை எட்டாது. மார்கழியில் பள்ளத்தாக்குகளில் உறைபனி கொட்டினாலும் அரை மீட்டர் ஆழத்து மண் அதை உணர்வதில்லை. மேலும், நம் அட்சரேகையில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மண்ணின் வெப்பம் 6 பாகைகூட மாறுவதில்லை என்பதால், பெயருக்கு முன் ஐசோ என்ற ஒட்டு சேரும். 8 முதல் 15 பாகை வரை ஐசோமீசிக், 15 முதல் 22 வரை ஐசோதெர்மிக், அதற்கு மேல் ஐசோஹைப்பர்தெர்மிக். கடலூரும் புதுச்சேரியும் கடைசி வகை. ஊட்டியும் தொட்டபெட்டாவும் முதல் இரண்டின் எல்லையை ஒட்டி நிற்கின்றன.

எனக்கு மிகவும் பெருமையாக இருந்த செய்தி இனிமேல்தான். ஆண்டிசால் என்ற பெருவகுப்பு 1990-இல் சேர்க்கப்பட்டபோது, அது முதன்மையாக ஜப்பான் போன்ற எரிமலைச் சாம்பல் நாடுகளை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. இலேசான எடை, அலுமினியம் மட்கோடு பிணைந்த நிலை, மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுகப் பற்றும் குணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எரிமலையே இல்லாத நீலகிரியின் உயர்மேட்டிலும் அதே மண் உருவாகியிருக்கிறது என்பதைப் பிரெஞ்சு மண்ணியலாளர்கள் 2000-இல் ஆய்விதழில் விளக்கினார்கள். அந்த ஆய்வு மரபுக்கு நம் ஊர் செயிண்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்பு உண்டு. நான் எத்தனையோ மாலைகளில் அந்தக் கட்டடத்தைக் கடந்து கடற்கரைக்கு நடந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை டப்பாவைக் கையில் கொடுக்கும்போதே, "மச்சான், இதை வெயிலில் மட்டும் காயவிட்டுவிடாதீர்கள்," என்று சொல்லியிருந்தார். பாதி மண்ணை நான் மாடித் தொட்டியில் கொட்டி ரோஜா வைத்தேன். சித்திரையில் பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது மண் பொரிபொரியாக, காப்பித்தூள் போலக் காய்ந்திருந்தது. குவளை நீரை ஊற்றினேன். நீர் முத்து முத்தாகத் திரண்டு மேலேயே உருண்டு, தொட்டியின் ஓரமாக வழிந்து தரைக்குப் போனது; உள்ளே விரலை விட்டால் உலர் தூள். கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்த மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் அந்த நுண்துளைகள் சுருங்கி இறுகிவிடுகின்றன, பழைய இளக்கம் திரும்புவதில்லை. ஊட்டி மண் என்று இங்கே மூட்டையில் விற்பதை வாங்குவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

மணிச்சத்தைப் பற்றும் குணத்தை உழவர்கள் வகைப்பாடு தெரியாமலேயே அறிந்திருக்கிறார்கள். மலை உருளைக்கிழங்குக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோவும் மணிச்சத்து அதைப்போல் இருமடங்கு 240 கிலோவும் பரிந்துரைக்கப்படுகின்றன. இட்டதில் பெரும்பகுதியை அலுமினியம் பிடித்துவைத்துக்கொள்ள, மிஞ்சியதைத்தான் வேர் எடுக்கிறது. மாப்பிள்ளை சுண்ணாம்பும் தவறாமல் இடுகிறார்.

மீதி மண்ணை ஈரச்சாக்கால் மூடி, கிணற்றடி நிழலில் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறேன்: அதே சரிவில் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என நான்கு முறை வெப்பமானியைச் செருகி அளவு எழுதி வைக்க வேண்டும். நான்கின் சராசரி 15-க்கு மேலா கீழா என்பதில் அந்த நிலத்தின் பெயரில் ஒரு சொல் மாறும். தை அளவை நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்: 13 பாகை.