பதினோரு நாள் டிஸ்க்

எங்கள் ஊர்க் கடைவீதியில் தேர்முட்டியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை 16 கேமராக்கள் இருக்கின்றன. மாட்டியது நான். பணம் வணிகர் சங்கத்துடையது, கம்பம் நகராட்சியுடையது, கரண்ட் பக்கத்துக் கடைகளிலிருந்து. ரெக்கார்டர் மட்டும் போலீஸ் ஸ்டேஷன் மாடியில், முன்பு ரைட்டர் உட்கார்ந்திருந்த அறையில். இத்தனை பேர் கை பட்ட விஷயத்தில் பதிவு யாருடையது என்று திறப்பு விழா அன்று யாரும் கேட்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள், இனி ஒரு திருடனும் தப்ப முடியாது என்று பேசினார்கள். எனக்கு வருடப் பராமரிப்பு வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை போய் லென்ஸில் ஒட்டடை துடைப்பேன், குரங்கு இழுத்துப்போட்ட ஒயரைத் திரும்பக் கட்டுவேன்.

கேமராவில் ஏறிவிட்டால் அது என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். டிஸ்க் என்பது கல்யாண மண்டபப் பந்தி மாதிரி. இடம் நிறைந்ததும் முதலில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டுத்தான் அடுத்தவருக்கு இலை போடும். படம் பதியும் வேகத்தை விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. தின்னும். 16 கேமராவுக்கு 345 ஜி.பி.க்கு மேல். அப்போது சங்கம் வாங்கிக் கொடுத்திருந்தது 4 டி.பி., அதாவது 4,000 ஜி.பி. டிஸ்க். கணக்குப் போட்டால் பதினொன்றரை நாள். பன்னிரண்டாம் நாளில் முதல் நாளின் படம் அழிந்துகொண்டிருக்கும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, அதுவாகவே நடக்கும்.

2023 ஆடி மாதம், 9-ம் நம்பர் கேமராவுக்குக் கீழே பூக்கட்டும் அக்காவின் வீட்டுக்காரரை ஒரு குட்டி யானை சரக்கு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஸ்டேஷனில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா என் கடைக்கு வந்தார். "தம்பி, எல்லாம் உன் பொட்டிக்குள்ளதான இருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

அன்று மாலையே மாடிக்குப் போனேன். அக்கா சொன்ன 7.30-க்கு எதுவும் இல்லை. அப்புறம்தான் ரெக்கார்டர் கடிகாரம் 9 நிமிடம் முன்னால் ஓடுவது நினைவுக்கு வந்தது. 7.39-ல் பார்த்தேன். நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி, அதன் ஓரம் பட்டுத் தூக்கி எறியப்படும் ஒரு வெள்ளை வேட்டி, தரையில் உருண்ட பூக்கூடை. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் பின்னால் வந்த பைக்கின் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரிந்தது. ஆனால் அந்த வண்டி வளைவில் பிரேக் போட்டிருக்க வேண்டும், அங்கே 11-ம் நம்பர் கேமரா இருக்கிறது. அதைத் திறப்பதற்குள் எஸ்.ஐ. மேலே வந்துவிட்டார்.

"யாருப்பா உன்னப் பாக்கச் சொன்னது?"

மூடிவிட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் ஒரு பையனும் ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்றதை இதே திரையிலிருந்து யாரோ செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்கச் சுற்றியது. அந்தப் பெண் அந்த வருடம் பள்ளிக்கூடமே போகவில்லை. அதிலிருந்து இன்ஸ்பெக்டர் வாய்மொழி உத்தரவு: யாருக்கும் காட்டக்கூடாது. யாருக்கும் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு. கட்சிக்காரர்கள் வந்தால் நாற்காலி போட்டுக் காட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

அக்காவை ஒருவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் அழைத்துப் போனார். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். நல்ல மனு. தேதி, இடம், கேமரா நம்பர் எல்லாம் இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு 9-ம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று படம் டிஸ்க்கில் இருந்தது. அங்கிருந்து கடிதமாகி, கையெழுத்தாகி, எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோது விபத்து நடந்து 17-ம் நாள். அப்போது அந்த இடத்தில் வேறொரு நாளின் கடைவீதி ஓடிக்கொண்டிருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் கொடுத்துவிட்டார்கள். "தாங்கள் கோரிய பதிவு இருப்பில் இல்லை." சட்டப்படி 30 நாள் அவகாசம், ஒருவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் தரவேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது, ஆனால் முறிந்த காலை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

வண்டி தெரிந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கலாம். மருத்துவச் செலவு, போன வருமானம் எல்லாம் கேட்டிருக்கலாம். தெரியாத வண்டி என்று ஆனதால் மத்திய அரசு திட்டத்தில் படுகாயத்துக்கு உள்ள 50,000 ரூபாய்தான். அதை வாங்கவே எத்தனையோ நடை. 11-ம் நம்பர் கேமராவில் நம்பர் தெரிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். ரெக்கார்டர் ஸ்டேஷனில் இருப்பதால்தான் இந்தச் சட்டமே எங்கள் கேமராவைத் தொடுகிறது. அரசு அலுவலகத்தின் கையில் இருக்கும் தகவல் என்றால் கேட்கலாம், பணம் யார் போட்டிருந்தாலும் சரி. இதையே நகைக்கடை மாடியில் வைத்திருந்தால் கதை வேறு. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவும் மாட்டார்கள். விசாரணை கெடும் என்றால் 8(1)(எச்), அடுத்தவர் அந்தரங்கம் என்றால் 8(1)(ஜே) என்று மறுக்க வழி இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடு என்று 10-ம் பிரிவு சொல்கிறது. முகங்களை மங்கலாக்குவது எழுதுவது போலச் சுலபமில்லை. கடைவீதியின் இரண்டு நிமிடப் படத்தில் இருபது பேர் நடப்பார்கள். ஒருமுறை செய்து பார்த்தேன், அரை நாள் போய்விட்டது.

இன்னொன்று கண்ணில் பட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு உள்ளே இருக்கும் கேமரா பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஜூனில், தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில், ஸ்டேஷன் டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். தொழில்காரனுக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்த செட்டிங் எந்த மெனுவில் இருக்கிறது, எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரியுமே.

புதிய இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். "சார், யாருக்கும் கொடுக்க வேண்டாம். எடுத்து வைப்போம். அவ்வளவுதான்." யாராவது வந்து கேட்டால் தேதி, நேரம், கேமரா நம்பர், கடிகார வித்தியாசம் எழுதி, ஸ்டேஷன் கையெழுத்தோடு அந்தத் துண்டை மட்டும் பென்டிரைவில் இறக்கி உறையில் ஒட்டிவிடுவது. கொடுப்பதா வேண்டாமா என்பதை மேலே இருப்பவர்கள் முப்பது நாள் இல்லை, மூன்று மாதம் யோசிக்கட்டும். படம் இருக்கும். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, வைங்க" என்றார். 2024 ஜூலைக்குப் பிறகு கோர்ட்டுக்குப் போகும் சான்றிதழில் ஹாஷ் எண்ணும் (பதிவை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) எழுத வேண்டும் என்பதால், அதையும் இறக்கும்போதே குறித்துவிடுகிறேன்.

நோட்டில் எழுதாமல் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஒருவர் வந்து, பஸ் ஸ்டாண்டில் தன் மனைவி போன செவ்வாய்க்கிழமை யாரோடு நின்றாள் என்று பார்க்க வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், காட்ட முடியாது என்று சொன்னேன். கேமரா பொதுச் சொத்துதானே என்றார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை எனக்கு. அந்த அம்மாவும் பொதுஜனம்தான் என்று பிறகு தோன்றியது, அதற்குள் அவர் போய்விட்டார்.

பூக்கார அக்கா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நான் ஏணி போட்டு லென்ஸ் துடைக்கும்போதெல்லாம் நிமிர்ந்து, "ஓடுதா தம்பி?" என்பார்.

டிஸ்க்கை 8 டி.பி. ஆக்கிவிட்டோம், 23 நாள் வருகிறது. இன்னும் 4 சேர்த்தால் முப்பதைத் தாண்டிவிடும். சங்கத்தில் கேட்டேன். தீபாவளி முடியட்டும் என்றார்கள்.