ஸ்கேனர் லீன் என்கிறது, பிளக்கில் கரி அப்பியிருக்கிறது

போன மாதம் என் காரில் செக் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. 2014 மாடல் பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 12-க்கு வந்துவிட்டது, காலையில் கிளப்பினால் சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வேறு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0171 என்று ஒரு எரர் கோட் வந்தது. “ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் பி0171 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. “கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று அதிகம் பெட்ரோல் கம்மி, நான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை” என்று எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ சொல்கிறது, அவ்வளவுதான்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கிலும் கரி. இங்கேதான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் உண்மையிலேயே லீனாக ஓடினால் பிளக் வெளுத்திருக்க வேண்டும், இப்படிக் கரி பிடிக்காது. அப்படியென்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது, ஆனால் சென்சார் மட்டும் குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒன்று சென்சார் தப்பாகச் சொல்கிறது, இல்லையென்றால் அதை ஏதோ ஒன்று ஏமாற்றுகிறது.

புகைக் குழாயில் மாட்டியிருக்கும் இந்த ஆக்சிஜன் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. என் காரில் இருப்பது சிர்கோனியா வகை. புகையில் இருக்கும் ஆக்சிஜனையும் வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் ஒப்பிட்டு ஒரு சின்ன வோல்டேஜைக் கொடுக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 பக்கம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் சரியான கலவை, அந்த இடம் ஏறக்குறைய 0.45 வோல்ட். இசியூ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பதால், நல்ல சென்சாரின் கிராஃப் சும்மா நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, போனில் லைவ் டேட்டாவைத் திறந்தேன். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வண்டி நின்றபடி ஓடும்போது, சென்சார் 0.1-லேயே படுத்துக் கிடக்கிறது. இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் பிளஸ் 21. பத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம், 21 என்றால் இசியூ வழக்கத்தைவிட 21 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. மைலேஜ் எங்கே போனது என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

இத்தோடு நிறுத்தினால் சென்சார் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இன்னும் ஒரு சோதனை பாக்கி, அதற்குக் காசும் ஆகாது. வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விட்டேன். மிதித்த உடனே 0.85-க்குத் தாவியது, காலை எடுத்ததும் பூஜ்யத்துக்கு அருகே விழுந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் தயங்காமல் தாவியது. செத்த சென்சார் இப்படித் தாவாது. சோம்பிப்போனதாக இருந்தால் மெதுவாக ஏறும், பாதியிலேயே நின்றுவிடும்.

சரி, அப்போது ஏமாற்றுவது யார்? மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது கிளப்பிவிட்டு பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம், மூன்று நிமிடத்தில் எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தெளித்தால், எஞ்சினோடு அது சேரும் இடத்தை அடைக்கும் பேக்கிங் ஓரத்தில் நுரை கட்டியது, அதே இடத்தில் கறுப்பாக ஒரு கரிக்கோடு. மேனிஃபோல்ட் பேக்கிங் லீக்! புகை விட்டு விட்டுத்தான் வெளியேறும், ஒரு தடவை வெளியேறியதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே குழாயில் அழுத்தம் குறையும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதைப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் அதிகம் என்று சொல்கிறது. அது சொல்வது உண்மைதான், அந்த ஆக்சிஜன் எஞ்சினிலிருந்து வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. சூடானதும் சத்தம் நின்றாலும் கசிவு முழுக்க நிற்கவில்லை, டிரிம் எண் காட்டிக்கொண்டேதான் இருந்தது. பேக்கிங்கும் இரண்டு ஸ்டட்டும் மாற்றினோம், கூலியோடு 1,400 ரூபாய். இப்போது டிரிம் 3-ல் நிற்கிறது.

சென்சாரே போகும் கேஸும் உண்டு. என் மச்சான் காரில் பி0135 வந்தது, அது ஹீட்டர் சர்க்யூட். சென்சார் சுமார் 300 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் வேலை செய்யும், சீக்கிரம் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவரத்தான் உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அவரோ பங்க் பெட்ரோல் சரியில்லை என்று இரண்டு மாதமாகப் பங்க் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது, எஞ்சின் ஓடும்போது கனெக்டரின் வண்டிப் பக்கத்தில் 12 வோல்ட்டும் வந்தது. அப்புறம் சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை வயருக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தோம். சில ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இப்படி ஆதாரம் கையில் கிடைத்த பிறகு புதுசு வாங்கினால் மனசுக்கு வலிக்காது.

சென்சாரைக் கழற்றுவதற்கு 22 எம்எம் ஸ்பேனர், வயர் நுழையப் பக்கத்தில் வெட்டுள்ள சாக்கெட்டாக இருந்தால் இன்னும் வசதி. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருகுங்கள், ஒரேயடியாக ஆறிவிட்டால் மரை பிடித்துக்கொள்ளும். புதுசின் முனையில் கை படக் கூடாது, மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் மரைக்கு மட்டும். பக்கத்தில் சாதா சிலிக்கான் சீலன்ட் போட விடாதீர்கள், அதன் ஆவி முனையில் வெள்ளையாகப் படிந்து புது சென்சாரையே கொன்றுவிடும். மச்சான் காரில் மாட்டி முடித்து, எரர் கோடை அழித்து, வண்டியைக் கிளப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கிராஃப் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது.