மருந்துப் பையிலிருந்து கறுப்புக் கோட்டுக்கு

மதுரையில் மெடிக்கல் ரெப்பாக, அதாவது டாக்டர்களைப் பார்த்துக் கம்பெனி மருந்தை எடுத்துச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். வெறுத்துப்போனது டாக்டர் வாசலில் காத்திருந்து அல்ல, மாதக் கடைசியால். 25 தேதி தாண்டினால் மேனேஜர் போன் ஓயாது. டார்கெட் எட்டவில்லையா, ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி) தலையில் சரக்கைக் கட்டு என்பார். அதே சரக்கு சில மாதத்தில் எக்ஸ்பைரி என்று நம் தலைக்கே திரும்பி வரும். 2020இல் ஆஸ்பத்திரிக்குள் ரெப்களை விடாத மாதங்களில்கூட டார்கெட் இறங்கவில்லை. காலையில் பையைத் தூக்கும்போதே வயிற்றைப் பிசையும்.

மைத்துனரின் விபத்து வழக்குக்காக ஒரு வக்கீலிடம் போயிருந்தபோது, டிஸ்சார்ஜ் சம்மரியை அவருக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னேன். "இதையே தொழிலா பண்ணலாமே சார்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விடவில்லை.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டிகிரி மார்க்கை வைத்துத்தான் இடம். ஆனால் 70 சதவீத வருகை வேண்டும். ரெப் வேலையை வைத்துக்கொண்டு அது நடக்காது. 2021இல் ராஜினாமா செய்தேன். அப்போதைய விதிப்படி வேலை விட்டு ஒரு மாதத்தில் பி.எஃப். பணத்தில் 75 சதவீதமும், இரண்டு மாதம் முடிந்ததும் மீதியும் எடுக்கலாம். அதுவும் கிராஜுவிட்டியும் மனைவியின் சம்பளமும் சேர்ந்துதான் மூன்று வருஷம் ஓடியது. வீட்டில் ஒரு சம்பளமாவது இல்லாமல் யாரும் இதில் இறங்கவேண்டாம் என்பேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கூத்து மட்டும். 302, 420 என்று இந்திய தண்டனைச் சட்டத்தை மனப்பாடம் செய்து முடித்த நேரத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலை 103 ஆனது, மோசடி 318க்குப் போனது. சின்னப் பையன்கள் புலம்பினார்கள். புது பிராண்டு பெயர்களை மாதாமாதம் உருப்போட்ட எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவுக் கட்டணத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. அதுவரை ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை கடைசியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125). அதன்பின்தான் நான் பதிவு செய்தேன். அப்புறம் தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது, குறிப்பெழுதாத வெறும் சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் எடுத்தால் போதும். புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகியிருந்தால் பயமில்லை.

இப்போது நான் ஜூனியராக இருக்கும் சீனியர் வக்கீலிடம் விபத்து இழப்பீட்டு வழக்குகள் முழுக்க என் மேஜைக்குத்தான் வருகின்றன. டாக்டரின் கிறுக்கலில் 'மால்யூனியன்' என்று ஒரு சொல் இருக்கும். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் 'காலில் முறிவு' என்று மட்டும் மனுவில் எழுதினால் இழப்பீடு பாதியாகிவிடும். அதே ஊனம் மேஜை வேலை பார்ப்பவருக்கு ஒரு கணக்கு, மூட்டை தூக்குபவருக்கு வேறு கணக்கு. ஆண்டு வருமானத்தில் எவ்வளவு நஷ்டம் என்று பார்த்து, வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். 36 முதல் 40 வயது வரை அது 15. இதைக் கட்சிக்காரருக்குப் புரியும்படி சொல்வதும் ஒருவகை டீடெய்லிங்தான் (டாக்டரிடம் மருந்தை ரெப் விளக்குவதற்கு அந்தப் பெயர்). காத்திருப்பதும் அப்படியே. வாய்தாவுக்கு மதியம் வரை உட்கார்ந்திருக்கும் இளம் ஜூனியர்கள் நெளிவார்கள். நான் அங்கேயே அடுத்த மனுவை எழுதிவிடுவேன்.

வருமானம்? சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது காகிதத்தில் இருக்கிறது. கைக்கு வருவது சீனியரின் மனசைப் பொறுத்தது. பழைய சம்பளத்தை எட்ட இன்னும் சில வருஷமாகும். மாதக் கடைசியில் மட்டும் யாரும் போன் செய்வதில்லை.