பில் ரஸ்ஸல்: ஜூலை மாதக் குறிப்புகள்

2024 ஜூலை 26

1960களின் கறுப்பு வெள்ளை ஆட்டப் பதிவுகளை இன்றிரவு மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பில் ரஸ்ஸல் பந்தைத் தடுக்கும் ஒரு காட்சியை ஏழெட்டு முறை ஓட்டிய பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக நான் கவனிக்கத் தவறிய ஒன்று கண்ணில் பட்டது. அவர் பந்தை அறைவதில்லை. எதிராளியின் பாதங்கள் தரையைவிட்டு எழும்வரை பொறுத்திருந்து, பிறகு தாவி, பந்து மேலேறும்போதே இடக்கை விரல்நுனிகளால் மெல்லத் தட்டிவிடுகிறார். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகாமல் தன் அணியினர் ஒருவரின் கைக்கு வந்துசேர, எதிரணி திரும்புவதற்குள் செல்டிக்ஸ் மறுமுனையை எட்டிவிடுகிறது.

கல்லூரி அணியில், வளையத்தருகே நிற்கும் சென்டராக ஆடிய நாட்களில், பந்தைப் பார்வையாளர் வரிசைவரை அறைந்து அனுப்பிக் கைதட்டல் வாங்கியவன் நான். அப்படி அறைந்த பந்து மறுபடியும் எதிரணிக்கே போய்ச் சேருகிறது என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

2024 ஜூலை 28

அவருடைய கணக்கு ஏடுகளைப் புரட்டினேன். 1956 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்கள் ஆடி, பதினொன்றில் பட்டம் வென்றிருக்கிறார். கடைசி இரண்டையும் ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியாளராகவும் நின்று வென்றார். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் அவரே. வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுகள் மொத்தம் 21,620. ஆனால் ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிகள்தாம். எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோவில் 56 விழுக்காடு என்பது, உள்ளதைச் சொன்னால், சுமாரான கணக்கு. அவர் உண்மையில் கைதேர்ந்திருந்த தடுப்பாட்டத்துக்கோ ஏட்டில் இடமே இல்லை. தடுக்கப்பட்ட பந்துகளை என்பிஏ எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். அதற்குள் அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

1961-62 பருவத்தில் ரஸ்ஸலின் போட்டியாளரான வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. ஆயினும் அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது ரஸ்ஸலுக்கே போனது. அக்காலத்தில் அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். எழுத்தர் மேசையில் குறிக்கப்படாததை, அவர் எதிரே நின்று பந்தெறிய முயன்றவர்கள் நன்றாகவே எண்ணி வைத்திருந்தார்கள்.

2024 ஜூலை 29

1957 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் பற்றிப் படித்தேன். எதிரணி செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது, நடுக்கோட்டருகே பந்தைப் பெற்ற ஹாக்ஸின் ஜாக் கோல்மன் தடையேதுமின்றி வளையத்தை நோக்கி ஓட, ஆடுகளத்தின் மறுகோடியில் நின்ற ரஸ்ஸல் முழு நீளமும் பாய்ந்து வந்து அந்தப் பந்தைத் தடுத்தார். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 125-123 என்று செல்டிக்ஸ் தன் முதல் பட்டத்தை வென்றது.

2024 ஜூலை 31

ரஸ்ஸல் மறைந்து இன்றோடு இரண்டு ஆண்டுகள். இறக்கும்போது வயது 88.

1961இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு உணவு தர மறுத்தபோது, அவரும் தோழர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தில் ஆடாமல் ஊர் திரும்பினர். சொந்த ஊர் போல இருந்திருக்க வேண்டிய பாஸ்டன் பக்கத்திலும் நிலைமை வேறல்ல. ரெடிங்கில் அவருடைய வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுவர்களில் இனவெறிச் சொற்களை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். தாம் ஆடியது செல்டிக்ஸுக்காக, பாஸ்டன் நகருக்காக அல்ல என்று அவர் சொல்லிவந்ததில் எனக்கு வியப்பேதும் இல்லை.

1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டைக்கு, அந்த எண் இனி வேறெவருக்கும் கிடையாது என்று, அணி ஓய்வளிக்க முடிவுசெய்தபோது, ரசிகர்கள் முன்னிலையில் விழா வேண்டாம் என்று மறுத்துவிட்டார். செல்டிக்ஸின் சொந்த அரங்கமான பாஸ்டன் கார்டனின் வாயில்கள் திறக்கும் முன், காலி இருக்கைகளுக்கு நடுவே, உடன் ஆடியவர்கள் சிலர் மட்டும் பார்த்திருக்க, அந்த எண் கூரைக்கு ஏற்றப்பட்டது.