மெழுகுக் கட்டி

ஆவணி 17, செவ்வாய்

அம்மா உடம்பிலிருந்து சோதனைக்குத் துணுக்கு எடுத்துவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம்.

ஆவணி 18, புதன்

மீனாட்சி அம்மன் சன்னதியில் நிற்க இடமில்லை. சுவாமி பிராகாரத்துக்குப் போய் எல்லாம் வல்ல சித்தருக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தேன். "அது ஒன்றுமில்லாததா இருக்கணும்" என்று வேண்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டேன். நேற்றே அது அம்மா உடம்பை விட்டு வந்துவிட்டது. நல்லதோ கெட்டதோ, அது என்னவோ அதுவாகத்தான் இருக்கிறது. இனி நான் எதைக் கேட்கிறேன்?

கல் யானையைக் கரும்பு தின்ன வைத்தவர் அவர். ஆனால் தின்ற கரும்பைத் தின்னாததாக ஆக்கினார் என்று எந்தக் கதையிலும் இல்லை.

ஆவணி 19, வியாழன்

தூக்கம் வரவில்லை. யூதர்களின் பழைய சட்டநூலான மிஷ்னாவில் வரும் ஆள் நினைவுக்கு வந்துவிட்டான். வெளியூர் போய்த் திரும்புகிறவன். ஊர்ப் பக்கம் அலறல் கேட்கிறது. "அது என் வீடா இருக்கக்கூடாது" என்று வேண்டினால் அது வீண் வேண்டுதல் என்கிறது விதி. அலறல் ஏதோ ஒரு வீட்டில் எழுந்தாகிவிட்டது. கல்லூரியில் இதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். அந்தப் பாதையில் நடப்பவனுக்குக் கால் எப்படி நடுங்கியிருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

ஆவணி 20, வெள்ளி

இரண்டு இட்லி. ஒரு வாய் காபி.

ஆவணி 21, சனி

தம்பி போனில், "அக்கா, எல்லாம் அவனால முடியும்னா, அவனே தூக்க முடியாத கல்லை அவன் செய்வானா?" என்றான். கோபம் வந்தது. அவன் பயத்தில் கேட்கிறான், தெரியும். ஆனாலும் அந்தக் கல்லால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முரண்பாடு ஒரு பொருளே அல்ல, அதைச் செய்யாதது குறையும் அல்ல என்று கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸ் சொன்னதே போதும். சதுர வட்டம் வெறும் சொல்.

என் கேள்வி அதுவல்ல. நடந்ததை நடக்காததாக்குவது ஒன்று மட்டும் கடவுளுக்கும் கிடையாது என்று கிரேக்கக் கவி அகத்தோன் பாடியதை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். அக்வினாஸும் அந்தப் பக்கம்தான். 11ஆம் நூற்றாண்டுத் துறவி பீட்டர் டாமியன் மட்டும் விடவில்லை. கடவுளுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது, எல்லாம் ஒரே இன்று, அதனால் அவர் வல்லமையில் எதுவும் கழிந்து போகவில்லை என்கிறார். ராத்திரி முழுக்க அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விடியும்போது ஆங்கிலேயத் தத்துவவாதி டம்மெட். அவருடைய 1964 கட்டுரை. கப்பல் மூழ்கிவிட்டது, சிலர் பிழைத்தார்கள் என்று வானொலியில் கேட்கிற தகப்பன், பிழைத்தவர்களில் மகனும் இருக்கணும் என்று வேண்டுகிறான். அது வீணில்லை என்கிறார். இவன் பிறகு வேண்டப்போகிறான் என்பது கப்பல் மூழ்கும்போதே கடவுளுக்குத் தெரியுமே. அப்படியானால் நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. இன்றைக்கு நான் கேட்பது அன்றைக்கே அவர் காதில் விழுந்திருக்கணும், அவ்வளவுதான்.

ஆனால் மகன் பெயர் பட்டியலில் இல்லை என்று தெரிந்தபின் அந்தத் தகப்பன் வேண்ட முடியாது. தெரியாதவரைதான்.

ஆவணி 22, ஞாயிறு

பொற்றாமரைப் படியில் உட்கார்ந்திருந்தேன். நெற்றிக்கண்ணுக்கு முன்னாலும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் நின்றதில் இந்த ஊருக்கே பெருமை. எனக்கும் இருந்தது. இன்று அந்த வாக்கைக் கேட்கவே பிடிக்கவில்லை.

ஆவணி 23, திங்கள்

புட்டுத் திருவிழா. பிட்டு அவித்து எடுத்துப் போனேன். அம்மா உதிர்ந்ததை மட்டும் பொறுக்கித் தின்றாள். வந்திக் கிழவி கொடுத்த கூலி உதிர்ந்த பிட்டுதானே. தம்பியின் கல்லைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஏத்தா, சொக்கன் கூடையக் கவுத்துப்புட்டு மரத்தடியில தூங்குனானே, மண்ணு சுமக்க முடியாமயா? பெரம்படி வாங்குனானே, தடுக்க முடியாமயா?"

அந்த அடி பாண்டியன் முதுகிலும், வயிற்றுப் பிள்ளை வரைக்கும் எல்லார் முதுகிலும் விழுந்ததைச் சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்பு கையில் தட்டுகிறது.

துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். நான் இங்கே வேண்டிக்கொண்டிருக்கும்போது பதில் அந்த மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது.

ஆவணி 24, செவ்வாய்

இன்னும் இல்லை. வரவேண்டாம் என்றிருக்கிறது.

ஆவணி 25, புதன்

காலை 10.40. ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. தம்பி வந்துகொண்டிருக்கிறான், "அக்கா, திறந்தியா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். திறக்கவில்லை. இன்னும் கேட்கலாம். சித்தரே, அன்றைக்கே, அந்த முதல் அணு பிரிந்த அன்றைக்கே, நான் இப்போது கேட்பது உமக்குக்